ஸ்கூட்டரின் மேல்மூடியும் கலாசாலைக் கல்வியும்

கலாசாலைச் சஞ்சிகையின் தமிழ்ப் பகுதியைத் திறப்போர், கம்பனது கவிநயத்தையோ சங்க காலத்து மக்களின் ஒழுகலாற்றையோ அங்கே எதிர்பார்ப்பது இயல்பு. அவ்வரிசையில் ஸ்கூட்டரின் மேல்மூடிகளைக் கழற்றுதல் என்னும் பொருளைப் பற்றி நாம் எழுதப் புகுவது சிலர்க்கு நகைப்பை விளைவிக்கலாம். இது பட்டறைக்கு உரிய பேச்சேயன்றிப் படித்தோர்க்கு உரியதன்று என்று வேறு சிலர் முகஞ்சுளிக்கவும் கூடும். அந்த நகைப்பும் அந்த முகச்சுளிப்புமே இக்கட்டுரை எழுந்ததற்குக் காரணம். நாள்தோறும் நம்மைச் சுமந்து செல்லும் ஒரு யந்திரத்தின் உட்புறத்தை ஒருமுறையேனும் கண்டறியாது, மூன்றாண்டு பௌதிகம் பயின்று பட்டமும் பெற்று வெளியேறுகின்ற நிலைமை நம் கல்விக்குப் பெருமை தருவதன்று என்பது நமது அபிப்பிராயம். தான் ஏறிச் செல்லும் வண்டியின் மூடிகளை முறையாகக் கழற்றவும், உள்ளே இருப்பதை இன்னதென்று அறியவும், கழற்றியதைக் குறைவின்றித் திரும்பப் பூட்டவும் கலாசாலை மாணவர் ஒவ்வொருவரும் கற்றல் வேண்டும் என்பதே நாம் நிலைநாட்ட விரும்பும் கொள்கை.

பண்டைய கருவிகள் தம் உறுப்புகளை மறைத்துக்கொண்டவை அல்ல. ஏற்றமும் இராட்டினமும் மாட்டுவண்டியும் காண்போர்க்குத் தம் எலும்பையும் மூட்டையும் காட்டி நின்றன. நமது பக்கத்திலேயே இதற்குச் சான்று உண்டு. செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வழியாகப் புனலூருக்கும் கொல்லத்திற்கும் 1904 ஆம் ஆண்டில் பிரயாணிகளை ஏற்றிச் செல்லத் தொடங்கிய இருப்புப்பாதையில், மலையேறிய நீராவி வண்டி தன் தண்டுகளும் சக்கரங்களும் இயங்கும் விதத்தைத் தண்டவாளத்தருகே நின்ற ஆட்டிடையனுக்கும் வெளிப்படையாகக் காட்டிற்று. தென்மலைக்கு இப்பால் கழுதுருட்டி அருகே உள்ள பதின்மூன்று கண் பாலத்தைப் பார்ப்பவன், கல் எவ்வாறு கல்லைத் தாங்குகிறது என்பதை ஆசிரியர் துணையின்றியே ஓரளவு அறிந்துகொள்ளலாம். மீட்டர் பாதையாக இருந்த அவ்வழி 2010 இல் மூடப்பெற்று, அகலப்பாதையாக மாற்றப்பெற்று, 2018 இல் மீண்டும் திறக்கப்பட்டது. பாலம் அன்றுபோலவே தன் உறுப்புகளைக் காட்டி நிற்கிறது. வண்டியோ இன்று தன் யந்திரம் முழுவதையும் தகட்டினுள் அடக்கிக்கொண்டு ஓடுகிறது.

யந்திரங்களுக்கு மூடி வந்தது தீய எண்ணத்தால் அன்று. ஸ்கூட்டரின் சரித்திரமே இதற்குச் சாட்சி. இரண்டாம் உலகப் போரில் பாழடைந்த இத்தாலி தேசத்திலே, விமானங்கள் செய்துவந்த பியாஜியோ என்னும் தொழிற்சாலையார், ஏழை எளியோரும் ஏறிச் செல்லத்தக்க மலிவான வண்டியொன்றைச் செய்ய விரும்பினர். அப்பணியை ஏற்றவர் கொராடினோ தஸ்கானியோ என்னும் விமான நிபுணர். 1930 ஆம் ஆண்டிலேயே ஹெலிகாப்டர் செய்து பறக்கவிட்டவர். அவருக்கு மோட்டார் சைக்கிளின்மேல் விருப்பம் இல்லை. அதில் ஏறுவது கடினம், சக்கரத்தைக் கழற்றுவது கடினம், எண்ணெயும் சங்கிலியும் உடையைப் பாழாக்கும் என்பன அவர் கண்ட குறைகள். ஆதலின் எஞ்சினைப் பின்சக்கரத்தின் அருகே கொண்டுபோய் வைத்து, முன்னே காலைக் காக்கும் தகட்டை எழுப்பி, முன்சக்கரத்தை விமானத்தின் சக்கரம்போல் ஒருபுறத்து ஆதாரத்தில் மட்டும் பொருத்தி அவர் அமைத்த வண்டிக்கே வெஸ்பா என்று பெயரிட்டனர். அதற்குரிய உரிமைப் பதிவு 1946 ஏப்ரல் 23 இல் கோரப்பட்டது. வேட்டியும் சேலையும் உடுத்துவோர் நிறைந்த நம் நாட்டில் இந்த வண்டி வேரூன்றியதற்கு அந்த மூடியே ஒரு பெருங்காரணம் என்பதை நாம் மறுக்கவில்லை. மூடி செய்த உபகாரத்தை முதலில் ஒப்புக்கொண்டே மேலே செல்கிறோம்.

அடுத்த ஆண்டில் மிலான் நகரத்து இன்னொசெந்தி தொழிற்சாலையார் லாம்பிரெட்டாவை வெளியிட்டனர். இவ்விரண்டு வண்டிகளுக்கும் இடையேயுள்ள வேற்றுமை நம் பொருளுக்கு மிகவும் உதவுவதாகும். வெஸ்பாவில் அழுத்தி வார்த்த எஃகுத் தகடே வண்டியின் முதுகெலும்பு. தகட்டை நீக்கினால் வண்டியே இல்லை. பக்கவாட்டில் புடைத்திருக்கும் மூடிகளை மட்டுமே கழற்ற இயலும். லாம்பிரெட்டாவிலோ எஃகுக் குழாய் முதுகெலும்பாக நிற்க, தகடுகள் அதன்மேல் போர்த்த சட்டைபோல் அமைந்தன. 1947 இல் வந்த முதல் லாம்பிரெட்டாவிற்கு அச்சட்டையும் கிடையாது; எஞ்சின் திறந்தே கிடந்தது. 1950 முதற்கொண்டு சில ஆண்டுகள் திறந்த வகையும் மூடிய வகையும் ஒரே காலத்தில் விற்கப்பட்டன. பின்னர் மூடிய வகையே நிலைத்தது. பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் இரண்டு தகடுகளில் ஒன்று எலும்பு, மற்றொன்று சட்டை. இதனைப் பிரித்தறியும் அறிவே மூடியைக் கழற்றும் கலையின் முதற்பாடம்.

நம் தேசத்தில் 1950களில் பம்பாயைச் சார்ந்த ஆட்டோமொபைல் புராடக்ட்ஸ் நிறுவனத்தார் லாம்பிரெட்டாவைக் கொணர்ந்தனர். பஜாஜ் நிறுவனத்தார் இத்தாலியரின் அனுமதியோடு வெஸ்பாவைச் செய்துவந்து, அவ்வொப்பந்தம் 1971 இல் முடிவுற்றபின் 1972 இல் சேதக் என்னும் பெயரால் தம் வண்டியை வெளியிட்டனர். பணம் கட்டிவிட்டுப் பல ஆண்டு காத்திருந்து அவ்வண்டியைப் பெற்ற குடும்பங்கள் நம் ஜில்லாவிலும் இருந்தன. அந்த வண்டியின் வலப்பக்கத்து மூடியைத் திறப்பது எளிது. வழியில் வண்டி நின்றால், உத்தியோகத்திற்குச் செல்லும் குமாஸ்தாவும் பள்ளிக்கூடத்து உபாத்தியாயரும் தெருவோரத்தில் நிறுத்தி, மூடியை எடுத்து வைத்து, பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டி, வண்டியை இடப்புறமாகச் சற்றே சாய்த்து நிமிர்த்தி, மறுபடியும் உதைத்துப் புறப்பட்டுப் போவர். அருகே நின்று பிளக்கை வாங்கிப் பிடித்த மகனும் மகளும் அன்று கற்ற பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லாதது.

2009 ஆம் ஆண்டின் இறுதியில் அந்நிறுவனத்தார் ஸ்கூட்டர் செய்வதை நிறுத்துவதாக அறிவித்தனர். 2020 இல் அதே பெயர் மின்சார வண்டியாகத் திரும்பி வந்தது. இடையிலே கியர் மாற்ற வேண்டாத வண்டிகள் நாடெங்கும் பரவின. இவற்றிற் பெரும்பாலானவற்றின் மேலுறை பல துண்டுகளாகப் பிரிந்த பிளாஸ்டிக்கினால் ஆயது. பட்டறைக்காரர் இத்துண்டுகளைப் பேனல் என்றும், அவற்றை ஒன்றோடொன்று கோக்கும் சிறு நாக்குகளை லாக் என்றும் வழங்குவர். திருகாணிகள் கண்ணுக்கு எளிதில் புலப்படா. சில பாய்க்கு அடியில், சில இருக்கைக்குக் கீழே, சில வேறொரு மூடியின் மறைவில் இருக்கும். ஒரு கையால் திறந்த கதவு, பத்துத் திருகாணிகளும் அவற்றினும் மிகுதியான நாக்குகளும் உடைய கோட்டையாக மாறிவிட்டது. அதன் விளைவாக, வண்டியை உடையவனே அதற்கு அந்நியனாகிவிட்டான்.

இஃது வெறும் வருத்தம் அன்று. இதனால் உண்டாகும் நஷ்டம் மெய்யானது. செங்கோட்டையும் தென்காசியும் குற்றாலமும் இதற்குத் தக்க உதாரணங்கள். மேற்குத்தொடர்ச்சி மலையில் ஆரியங்காவுக் கணவாய் திறந்து கிடப்பதால், ஜில்லாவின் ஏனைப் பகுதிகள் வெயிலில் வாடும் ஆனி ஆடி மாதங்களில் இப்பக்கத்தில் தென்மேற்குப் பருவக் காற்றும் சாரலும் வீசுகின்றன. வெளியூரார்க்கு அச்சாரல் இன்பம். அதில் நாள்தோறும் வண்டி ஓட்டும் மாணவர்க்கு அஃது ஒரு பரீட்சை. புளியரை மலைவளைவுகளிலும் பண்பொழிச் சாலையிலும் சக்கரம் வாரியடிக்கும் சேறும் ஈரச் சருகும் மூடிகளின் இடுக்கில் நுழைந்து, நீர் வடியும் துளைகளை அடைத்துவிடுகின்றன. வெளியே வண்டி துடைத்துப் பளபளக்கிறது. உள்ளே இரும்புச் சட்டம் மாதக்கணக்காக நனைந்த சேற்றில் ஊறித் துருவேறுகிறது. மின்கம்பிகளின் இணைப்புகளில் பச்சைக் களிம்பு பூக்கிறது. மழைக்கு ஒதுங்கிய எலி மூடியினுள் கூடு கட்டிக் கம்பிகளைக் கடிக்கிறது. காற்று வடிகட்டி அடைபட்டு, எஞ்சின் பெட்ரோலை வீணே குடிக்கிறது. ஆண்டிற்கு இருமுறை, சாரலுக்கு முன் ஒருகாலும் பின் ஒருகாலும், மூடிகளை எடுத்துத் துடைத்து உலர்த்தி எண்ணெயிட்டால் இவற்றிற் பெரும்பகுதி நேராது. செய்வாரில்லை, உள்ளே என்ன இருக்கிறதென்றே அறியாதவர் எவ்வாறு செய்வர்?

நிற்க. கழற்றும் முறைதான் என்ன என்பதைச் சிறிது கூறுவோம். இதற்கு வேண்டும் கருவிகள் சிலவே: ஸ்டார் திருப்புளி ஒன்று, எட்டு, பத்து, பன்னிரண்டு அளவுள்ள ஸ்பானர்கள், அகலமான தாள் ஒன்று. எஞ்சின் ஆறியிருத்தல் வேண்டும். அருகில் நெருப்பு ஆகாது. பாட்டரியின் எதிர்முனைக் கம்பியை முதலில் நீக்கி, வேலை முடிந்தபின் அதனையே கடைசியில் பூட்டுதல் முறை. தாளில் வண்டியின் உருவத்தை உத்தேசமாக வரைந்து, எந்த இடத்துத் திருகாணியோ அதனை அந்த இடத்திலே குத்தி வைக்க வேண்டும். இதனை அற்பமாகக் கருதற்க. திருகாணிகள் ஒரே நீளமுடையன அல்ல. குட்டையானது இருக்க வேண்டிய துளையில் நீளமானதைச் செலுத்தினால், அஃது உள்ளே ஓடும் கம்பியைத் துளைத்துவிடலும் கூடும்.

திருகாணிகளை எல்லாம் எடுத்தபின்பும் மூடி வாராது. இங்கேதான் பொறுமை உள்ளவனும் இல்லாதவனும் வேறுபடுகின்றனர். பொறுமையற்றவன் வலிந்து இழுப்பான், நாக்கு ஒடியும், அன்று முதல் அவ்வண்டி மேட்டிலும் பள்ளத்திலும் கடகடவென்று அவன் அவசரத்தைப் பறைசாற்றிக்கொண்டே ஓடும். பொறுமையுள்ளவனோ மூடி எந்தத் திசையில் நழுவுவதற்காகச் செய்யப்பட்டது என்பதை விரல்களால் தடவி அறிவான். சில முன்னோக்கி நழுவும், சில பின்னோக்கி நழுவும், சில மேலெழும்பும். நடுவே சிறு ஆணியுடைய பிளாஸ்டிக் கிளிப்புகளில், அவ்வாணியை உள்ளே அழுத்தினால் பிடி நெகிழும். திரும்பப் பூட்டும்போது ஆணியை வெளியே தள்ளி வைத்துச் செருகிப் பின் அழுத்த வேண்டும். மூடி கையில் வந்தவுடன் அதனைத் தூர இழுத்தலும் ஆகாது. விளக்கின் கம்பி அதனோடு இணைந்திருக்கலாம். இணைப்பைப் பற்றிப் பிரிக்க வேண்டுமேயன்றிக் கம்பியைப் பற்றி இழுக்கலாகாது. பூட்டும் முறை கழற்றிய முறையின் தலைகீழ். எல்லாம் முடிந்தபின் தாளில் ஒரு திருகாணியும் மிஞ்சலாகாது. ஒழுங்கு, பொறுமை, ஞாபகம், உண்மை என்னும் நான்கையும் ஒரு மணி நேரத்தில் பரீட்சிக்கும் பாடம் இதனினும் வேறு உண்டோ என்று நாம் ஐயுறுகிறோம்.

எதனைக் கழற்றலாம் என்பதைப் போலவே எதனைக் கழற்றலாகாது என்பதையும் அறிதல் வேண்டும் என்று முன்னர்க் குறித்தோம். காற்றினால் குளிரும் ஸ்கூட்டர் எஞ்சினைச் சுற்றித் தகட்டாலோ பிளாஸ்டிக்காலோ ஆன கூடு ஒன்று உண்டு. பார்ப்பவர்க்கு அதுவும் வெறும் மூடியாகவே தோன்றும். உண்மையில் அது விசிறி வீசும் காற்றைச் சிலிண்டரின்மேல் செலுத்தும் வழி. அதனை மாட்டாமல் வண்டியை ஓட்டினால் காற்று வேறுபுறம் சிதற, எஞ்சின் அளவுக்குமேல் சூடேறிக் கெடும். திறந்து கிடந்தால் நன்றாகக் குளிரும் என்று எண்ணுவது அறியாமை. அவ்வாறே, ஓசூரிலும் கிருஷ்ணகிரி ஜில்லாவிலும் இன்று பெருவாரியாகச் செய்யப்படும் மின்சார ஸ்கூட்டர்களில் பாட்டரிப் பெட்டியின் மூடி, பயிற்சியில்லாதவர் தொடத்தக்கதன்று. அதனுள் அடங்கிய சக்தி தீயையும் மரணத்தையும் விளைவிக்க வல்லது. அழகுக்கு இட்ட மூடி, அழுக்குக்கு இட்ட மூடி, காற்றுக்கு இட்ட மூடி, உயிரைக் காக்க இட்ட மூடி என இவற்றை வகுத்தறியாதவன், எல்லாவற்றிற்கும் அஞ்சுவான் அல்லது எதற்குமே அஞ்சான். இரண்டும் கேடு. கல்வியின் பயன் அஞ்சத்தக்கதற்கு மட்டுமே அஞ்சுதல் அன்றோ?

நமது கருத்துக்கு மூன்று தடைகள் கூறப்படலாம். முதலாவது, பட்டறைக்காரரின் பிழைப்பு என்னாவது என்பது. மாணவன் மூடியைத் திறந்து துடைத்துக்கொள்வதனால் எந்தத் தொழிலாளியும் பசித்திரான். எஞ்சினைப் பிரித்துக் கோக்கும் வேலை எந்நாளும் அவருடையதே. மூடிக்குள் கைவிட்டு ஒருமுறை சிரமப்பட்டவனே அத்தொழிலாளியின் உழைப்பை உணர்ந்து உரிய கூலியை முணுமுணுப்பின்றிக் கொடுப்பான். ‘இதற்கா இவ்வளவு?’ என்று வாதாடுபவர் பெரும்பாலும் அவ்வேலையைத் தம் கையால் தொட்டறியாதவரே.

இரண்டாவது தடை, வண்டியைச் செய்த நிறுவனங்கள் இதனை விரும்புவதில்லை என்பது. உத்தரவாதக் காலத்தில் நிறுவனத்தின் நிபந்தனைகளை மதித்தல் நேர்மையே. ஆயினும் விற்ற பொருளின் வயிற்றை வாங்கியவன் பார்க்கலாகாது என்னும் எண்ணத்தை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. இந்தியப் போட்டி ஆணையம், உதிரிப் பாகங்களையும் பழுதுபார்க்கும் விவரங்களையும் வெளிப்பட்டறைகளுக்குக் கிடைக்கவொட்டாமல் செய்ததன்பொருட்டு, 2014 ஆகஸ்டு 25 இல் கார் செய்யும் 14 நிறுவனங்களுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அபராதத்தைப் பற்றிய வழக்குகள் மேல்மன்றங்களுக்குச் சென்றன எனினும், எழுந்த கேள்வி நியாயமானது. 2022 இல் மத்திய அரசாங்கத்தின் நுகர்வோர் விவகாரத் துறையினர் பழுதுபார்க்கும் உரிமையைப் பற்றி ஆராயக் குழுவொன்றை அமைத்து, உழவுக் கருவிகள், கைப்பேசிகள், வீட்டு உபகரணங்கள், மோட்டார் வாகனங்கள் ஆகிய நான்கினையும் அதன் ஆராய்ச்சிக்கு உரியனவாக வகுத்தனர். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ராஜ்யத்து மக்கள் 2012 இலேயே மோட்டார் வாகனங்களுக்கு இவ்வுரிமையை வாக்களித்து நிலைநாட்டினர். ஆனால் சட்டம் உரிமையைத் தரலாம். திருப்புளியைப் பிடிக்கும் கையைத் தராது. பயன்படுத்தத் தெரியாத உரிமை, படிக்கத் தெரியாதவன் வீட்டுப் புத்தகத்தை ஒக்கும்.

மூன்றாவது தடையே வலியது. அது வெளியில் சொல்லப்படுவதில்லை. கை அழுக்காகும் வேலை படித்தவனுக்குத் தகாது என்னும் எண்ணமே அது. நம் சமுதாயம் நெடுங்காலமாகத் தலையையும் கையையும் வேறு வேறு வீதிகளில் குடியேற்றி வைத்துவிட்டது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட சிறுவன் கம்பியைத் தொட்டே பியூஸ் எரிந்ததை அறிகிறான். ஓமின் விதியை எழுதி நூற்றுக்கு நூறு வாங்கியவன் அவனருகில் கைகட்டி நிற்கிறான். இருவருள் ஒருவனுக்கும் முழுக்கல்வி கிட்டவில்லை என்பதே நமது துயரம். சிறுவனுக்கு விதியைக் கற்பிப்பாரில்லை; பட்டதாரிக்குக் கம்பியைக் காட்டுவாரில்லை. இவ்விருவருக்கும் நடுவே நிற்பது பிளாஸ்டிக் மூடி மட்டும் அன்று.

மிஷன் கலாசாலையில் பயில்வோர்க்கு இவ்வெண்ணம் சற்றும் பொருந்தாது. நாம் வணங்கும் ஆண்டவர் தச்சர் என்று அழைக்கப்பட்டவர். அவருடைய அப்போஸ்தலராகிய பவுல் கூடாரம் செய்து பிழைத்தவர். நமக்கு முன்னிருந்த மிஷனெரிமார் இதனை மறந்தாரல்லர். பாசல் மிஷனார் 1865 இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை நிறுவினர். நம் திருநெல்வேலிச் சீமையிலே, நாசரேத்தில் மர்காஷிஸ் ஐயர் 1878 இல் கைத்தொழிற் பாடசாலையைத் தோற்றுவித்தார். 1937 இல் வார்தாவில் காந்தியடிகள் கைத்தொழிலின் வாயிலாகவே கல்வி என்னும் கொள்கையைத் தேசத்தின்முன் வைத்தார். இவர்கள் வழியில் வந்த நாம் கைத்தொழிலை வேறொரு பள்ளிக்கு அனுப்பிவிட்டு, கலாசாலைக்குப் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டோம்.

தமிழ்நாட்டில் மூடியில்லாத ஒரு வண்டி செய்த அற்புதத்தையும் இங்கே நினைவுகூர்தல் தகும். கோயமுத்தூருக்கு அருகே கலங்கல் என்னும் சிற்றூரில் 1893 இல் பிறந்த ஜி. டி. நாயுடு பள்ளிப் படிப்பில் நிலைத்தவர் அல்லர். வாலிபப் பருவத்தில் ஆங்கில உத்தியோகஸ்தர் ஒருவர் ஏறிவந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து, அதனையே விலைக்கு வாங்கி, அக்கக்காகக் கழற்றித் திரும்பப் பூட்டினார் என்பது நாடறிந்த வரலாறு. 1920 இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கியவரும், 1945 இல் கோயமுத்தூரில் தொழிற்கல்வி நிலையம் தோன்றக் காரணமானவரும் அவரே. அந்த மோட்டார் சைக்கிள் தன் எஞ்சினை மறைத்திருக்கவில்லை. கண்ட கண் கேள்வி கேட்டது. கேள்வி கையை ஏவிற்று. இன்றைய மாணவர் ஆயிரவர் ஆயிரம் வண்டிகளில் நம் வாயிலுள் நுழைகின்றனர். அவர்கள் கண்ணுக்கு எட்டுவதெல்லாம் வர்ணம் பூசிய மேலுறையே. நாயுடுவைப் போன்றார் நம்மிடையே இல்லாமற் போகவில்லை. அவர்தம் கண்முன் மூடி நிற்கிறது என்றே நாம் நம்புகிறோம்.

ஆதலின் நாம் செய்துகொள்ளும் விண்ணப்பம் இது. கலாசாலையில் முதலாண்டு மாணவர் அனைவர்க்கும், இலக்கிய மாணவர் விஞ்ஞான மாணவர் என்னும் வேறுபாடின்றி, சனிக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் இப்பயிற்சிக்கு ஒதுக்கப்பட வேண்டும். இதற்கு மாளிகை வேண்டா; ஒரு வேப்பமரத்து நிழலும் ஓடாத பழைய ஸ்கூட்டர்கள் இரண்டு மூன்றும் போதும். பழைய மாணவர்களுள் எத்தனையோ பேர் வீட்டுத் தாழ்வாரத்தில் தந்தையார் ஓட்டிய சேதக்கோ லக்னோவிலிருந்து வந்த விஜய் சூப்பரோ தூசி படிந்து நிற்கிறது. அவற்றை இரும்புக் கடைக்கு எடைபோடாமல் கலாசாலைக்கு அளித்தால், அவை இன்னும் பல்லாண்டு மாணவரைச் சுமக்கும்.

கற்பிப்பவர் யார்? தென்காசிச் சாலையிலும் செங்கோட்டைக் கடைவீதியிலும் முப்பது நாற்பதாண்டு அனுபவமுடைய தொழிலாளர் இருக்கின்றனர். நம் ஜில்லாவில் அவர்களை ‘அண்ணாச்சி’ என்று அழைப்பது வழக்கம். வழியில் வண்டி நின்றபோது நம் வாயில் தானே வரும் அம்மரியாதை, கலாசாலை வாயிலில் ஏன் நின்றுவிட வேண்டும்? வெளியூர்ப் பேராசிரியர்க்குச் சொற்பொழிவுக்காக அளிக்கும் நாற்காலியையும் சன்மானத்தையும் அவர்க்கும் அளித்து, மாணவர்முன் அமர்த்துதல் வேண்டும். பௌதிக ஆசிரியர் அவர் அருகே நின்று, அவர் கை காட்டுவதன் காரணத்தை விளக்கட்டும். அண்ணாச்சியின் மகனோ பேரனோ அங்கு வந்து அமர்ந்து அவ்விளக்கத்தைக் கேட்கவும் இடமிருக்கட்டும். அன்றுதான் முன்னே நாம் கூறிய இரண்டு அரைக்கல்விகளும் ஒன்று சேரும்.

மாணவியரைக் குறித்துத் தனியே ஒரு சொல். வேலைக்குச் செல்லும் பெண்டிர் ஸ்கூட்டர் வாங்குவதற்குப் பாதி விலையளவு, 25,000 ரூபாய்க்கு மேற்படாமல், மானியம் வழங்கும் திட்டம் 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தொடங்கப்பெற்றது. அத்திட்டம் நின்றுவிட்டாலும் அதனால் உணர்த்தப்பட்ட உண்மை நிற்கவில்லை: பெண்ணின் படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் வழி திறந்ததில் இந்தச் சிறு வண்டிக்குப் பெரும் பங்கு உண்டு. ஆயினும் சாவியைக் கொடுத்த குடும்பத்தாரே, ‘அதைத் தொடாதே, அண்ணன் வந்து பார்ப்பான்’ என்று திருப்புளியை மறுக்கின்றனர். தானே ஓட்டிச் செல்லும் உரிமை, தானே பேணிக்கொள்ளும் அறிவோடு சேர்ந்தாலன்றி முழுமை பெறாது. ஆதலின் இப்பயிற்சியில் மாணவியர் பார்வையாளராக நில்லாமல் முதல் வரிசையில் அமர வேண்டும் என்பது நமது விருப்பம்.

இவ்வாறு பயின்ற மாணவர் எல்லாரும் யந்திர நிபுணராய்விடுவர் என்று நாம் கூறவில்லை. சிலர் நியாயவாதியாவர்; சிலர் குருவாவர்; சிலர் கணக்கெழுதுவர். எத்துறையில் புகினும், பளபளக்கும் மேற்புறத்தைக் கண்டு மயங்காமலும் அஞ்சாமலும், ‘இதன் திருகாணி எங்கே, இது எத்திசையில் நழுவும், இதனுள் என்ன இருக்கிறது?’ என்று கேட்கும் பழக்கம் அவர்களோடு செல்லும். கழற்றியதைச் சேதமின்றித் திரும்பப் பூட்டும் பொறுப்பும் உடன் செல்லும். கேள்வி கேட்பாரும் பலர், குலைப்பாரும் பலர். திறந்து பார்த்துச் சீர்செய்து முன்போல் பூட்டி வைப்பாரே நாட்டுக்கு வேண்டியவர். வருகின்ற ஆனிச் சாரல் தொடங்குமுன் நம் கலாசாலை வேப்பமரத்தடியில் முதல் மூடி கழற்றப்படுமாக. கலாசாலைத் தலைவரும் ஆசிரியரும் பழைய மாணவரும் இவ்விண்ணப்பத்தைத் தள்ளாது ஏற்று ஆவன செய்வார்களாக.